வாட்ஸ்அப்பை விட்டு வெளியேறுவோமா?

2021 ஜனவரி முதல் வாரத்தில் நம் கைப்பேசிகளில் ஓர் அறிவிப்புத் தோன்றியது. வாட்ஸ்அப் நிறுவனத்தின் புதிய விதிமுறைகளைப் பிப்ரவரி 8 ஆம் நாளுக்குள் ஏற்க வேண்டும். ஏற்காதவர் சேவையைத் தொடர்ந்து பயன்படுத்த இயலாது என்பதே அதன் சாரம். அதைத் தொடர்ந்து, வாட்ஸ்அப்பைப் புறக்கணித்துச் சிக்னலுக்கோ டெலிகிராமுக்கோ மாறுவோம் என்ற குரல் உலகெங்கும் எழுந்தது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளிலிருந்தும், மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டப் பகுதிகளிலிருந்தும் தோழர்கள் கேட்கின்றனர்: இப்புறக்கணிப்பில் நாமும் சேர்வதா? கிளைகளின் குழுக்களைக் கலைத்துவிடுவதா? இக்கேள்விகளில் பெரும்பாலானவை வாட்ஸ்அப் வழியாகவே நம்மை வந்தடைந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

முதலில், நடந்திருப்பது என்ன என்பதை மிகைப்படுத்தாமல் அறிந்துகொள்வது நல்லது. இருவருக்கிடையே செல்லும் செய்தியின் உள்ளடக்கத்தை நிறுவனம் படிக்கப்போவதில்லை. அது இன்னும் மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது. ஆனால் நமது தொலைபேசி எண், கருவியின் விவரம், இணைய முகவரி, பணப் பரிமாற்றத் தகவல், பிறரோடு நாம் எவ்வாறு தொடர்புகொள்கிறோம் என்ற குறிப்பு ஆகியவை அப்போது பேஸ்புக் எனப்பட்ட தாய் நிறுவனத்துக்குப் போகும். இந்தப் பகிர்வு 2016 இலேயே தொடங்கிவிட்டது. அன்று மறுப்புத் தெரிவிக்க 30 நாள் வாய்ப்பாவது இருந்தது. 2021 இல் அதுவும் இல்லாமற்போயிற்று. சட்டம் வலுவாக உள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பயனர்களுக்கு இந்தக் கட்டாயம் பொருந்தவில்லை. அப்போதைய 40 கோடிக்கு மேற்பட்ட இந்தியப் பயனர்களுக்குப் பொருந்தியது. கடிதத்தைப் பிரிக்காத தபால்காரர், யார் யாருக்கு எழுதினார் என்று பேரேடு வைத்திருந்தால் எப்படியோ அப்படி. தொழிற்சங்கம் கட்டுகிறவர்களுக்கு அந்தப் பேரேடே போதிய ஆபத்து.

இதன் பின்னணியில் உள்ள மூலதனத்தையும் பார்க்க வேண்டும். பேஸ்புக் நிறுவனம் 2020 ஏப்ரலில் 43,574 கோடி ரூபாய்க்கு ஜியோ பிளாட்பார்ம்ஸின் 9.99 விழுக்காட்டுப் பங்குகளை வாங்குவதாக அறிவித்தது. வாட்ஸ்அப்பையும் ஜியோ மார்ட்டையும் இணைத்து மளிகைக்கடை வணிகத்துக்குள் நுழைவது அதன் வெளிப்படையான நோக்கம். அதே ஜியோவைப் புறக்கணியுங்கள் என்றுதான் தில்லியின் எல்லைகளில் கடுங்குளிரில் அமர்ந்திருந்த விவசாயிகள் 2020 டிசம்பரில் அறைகூவல் விடுத்தனர். டிசம்பர் 20 அன்று அவர்களது 'கிசான் ஏக்தா மோர்ச்சா' பக்கத்தை முகநூல் முடக்கியது. எதிர்ப்புக் கிளம்பியதும் சில மணி நேரத்தில் திருப்பித் தந்தது. ஆகவே தோழர்களின் கோபம் நியாயமானது. கோபம் நியாயமானது என்பதாலேயே வழியும் சரியானது என்றாகிவிடாது.

புறக்கணிப்பு என்பதைத் தேவிகுளத்து மூத்த தோழர்கள் இன்றும் 'பகிஷ்காரம்' என்றே சொல்கிறார்கள். ஆங்கிலச் சொல்லான 'பாய்காட்' ஒரு மனிதரின் பெயர். 1880 இல் அயர்லாந்தின் மேயோ வட்டாரத்துக் குத்தகை விவசாயிகள், நிலவுடைமையாளர் ஒருவரின் முகவரான கேப்டன் பாய்காட்டுக்கு வேலை செய்யவும் பொருள் விற்கவும் மறுத்தனர். ஊரே மறுத்தது; அதனால்தான் அது ஆயுதமாயிற்று. ஒருவர் ஒரு கடையை விட்டு மற்றொரு கடைக்குப் போவதற்கு அப்பெயர் பொருந்தாது.

நமக்கு அயர்லாந்து வரை போக வேண்டியதில்லை. பெருமாட்டி ஊராட்சியின் பிளாச்சிமடை நம் வீட்டு வாசலில் இருக்கிறது. 2000 இல் அங்கே தொடங்கப்பட்ட கோகோ கோலா ஆலை நிலத்தடி நீரை உறிஞ்சியது; கிணறுகள் வற்றின, எஞ்சிய நீர் குடிக்கத் தகாததாயிற்று. தமிழ் பேசும் இரவாளர், மலசர் பழங்குடிக் குடும்பங்கள் 2002 ஏப்ரல் 22 அன்று ஆலை வாயிலில் பந்தலிட்டு அமர்ந்தன. மயிலம்மாவைப் போன்ற பெண்கள் அப்பந்தலைத் தாங்கி நின்றனர். பெரிய கட்சிகள் எல்லாம், நாம் உட்பட, அங்கே தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தோம், அதை மறைப்பதற்கில்லை. 2003 இல் ஊராட்சி உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தது. கோலா குடிக்காதீர் என்ற பிரச்சாரம் கேரளம் முழுவதும், பின்னர் வெளிநாட்டுப் பல்கலைக்கழக வளாகங்களிலும் பரவியது. 2004 மார்ச்சில் ஆலை நின்றது.

அந்த வெற்றியைக் கோலாவைத் தொடாதவர்கள் மட்டும் பெற்றுத்தரவில்லை. பாதிக்கப்பட்ட மக்களே அழைப்பு விடுத்தார்கள்; ஆலையை மூடு என்ற ஒற்றைக் கோரிக்கை இருந்தது; உரிமத்தை மறுக்கும் அதிகாரம் கொண்ட ஊராட்சி இருந்தது; கோலாவை விட்டவருக்கு இளநீர் இருந்தது. இத்தனையும் சேர்ந்தபோதுதான் புறக்கணிப்புக்குப் பல் முளைத்தது. அப்படியிருந்தும் உயர்மட்டக் குழு மதிப்பிட்ட 216 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட இழப்பீட்டில் ஒரு காசும் அம்மக்களுக்கு வந்து சேரவில்லை. 2011 இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்ப்பாய மசோதா தில்லியில் முடங்கியது.

ஜியோ புறக்கணிப்பையும் இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். அழைத்தவர்கள் விவசாயிகள். மூன்று வேளாண் சட்டங்களையும் திரும்பப் பெறு என்பது அன்றைய கோரிக்கை. சிம் அட்டையை மாற்றுவது பெரும்பாலான இடங்களில் இயலக்கூடிய செயல். விளைவு என்ன? தன் வாடிக்கையாளர்களைப் போட்டி நிறுவனங்கள் இழுக்கின்றன என்று ஜியோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் முறையிட்டது. ஒப்பந்த விவசாயத்தில் இறங்கும் திட்டமே தமக்கு இல்லை என்று ஜனவரி 4 அன்று ரிலையன்ஸ் பகிரங்கமாக அறிவிக்க நேர்ந்தது. இப்புறக்கணிப்பில் நாம் தயக்கமின்றிச் சேர்ந்தோம்.

வாட்ஸ்அப் விஷயத்தில் அழைப்பு விடுத்தது யார்? அமெரிக்கப் பெருமுதலாளி எலான் மஸ்க் 'சிக்னலைப் பயன்படுத்துங்கள்' என்று ஒரு வரி எழுதியதும் அலை எழுந்தது. என்ன நடந்தால் திரும்பி வருவோம் என்ற கோரிக்கை எதுவும் அதில் இல்லை. ஆயினும் அதைப் பயனற்றது என்று தள்ளிவிட முடியாது. நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து விளக்கம் சொல்ல நிறுவனம் தள்ளப்பட்டது. ஜனவரி 15 அன்று கெடுவை மே 15 வரை ஒத்திவைத்தது. அடிபணிந்தது என்று இதைச் சொல்ல முடியாது, மூச்சுவிட அவகாசம் எடுத்துக்கொண்டது.

வெளியேறுவதன் விலையை யார் கொடுப்பார்கள் என்பதே நமக்கு முதன்மையான கேள்வி. நகரத்து நடுத்தர வர்க்கத்தார் ஒரே மாலையில் மாறிவிடலாம். லயத்தில் வாழும் தோட்டத் தொழிலாளப் பெண்ணுக்கு அது அவ்வளவு எளிதன்று. திருப்பூரிலோ கோயம்புத்தூரிலோ வேலை செய்யும் மகனின் முகத்தை அவர் காண்பது அதில்; பிள்ளையின் ஆசிரியர் பாடம் அனுப்புவது அதில்; போனஸ் பேச்சுவார்த்தையின் செய்தி வருவதும் அதில். 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மலை சரிந்து 70 உயிர்களைக் கொண்டுபோனபோது, மின்சாரமும் தொலைத்தொடர்பும் அற்ற அந்த மலையிலிருந்து செய்தி மறுநாள் காலையில்தான் வெளியே வந்தது. இருக்கிற ஒரே நூலையும் அறுத்துவிடு என்று அந்த மக்களிடம் சொல்ல நமக்கு உரிமையில்லை. நாம் வெளியேறினால் அவர்களது கைப்பேசி காலியாக இருக்காது. சங் பரிவாரத்தின் வதந்திகள் அங்கே காலை வணக்கத்தோடு வந்துகொண்டே இருக்கும். மறுப்பதற்குத்தான் ஆள் இருக்காது.

போகுமிடம் எது என்பதையும் கேட்க வேண்டும். டெலிகிராமில் குழுச் செய்திகள் நிறுவனத்தின் கணினிகளிலேயே சேமிக்கப்படுகின்றன. சிக்னல் மேலானது, இலாப நோக்கற்ற அறக்கட்டளையின் கையில் உள்ளது, அதன் நிரல் எவரும் பார்க்கத் திறந்திருக்கிறது. எனினும் ஜனவரி 15 அன்று கூட்டம் அலைமோதியதும் அது முடங்கிப்போயிற்று. வ.உ.சி. அந்நியக் கப்பலில் ஏறாதீர் என்று சொன்னதோடு நிற்காமல் 1906 இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார். வெள்ளையர் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. அரசு அவரைச் சிறையில் தள்ளியது. 2016 இல் ஜியோ இலவசமாக வந்ததும் அதே உத்திதான். அதே காலத்தில் பி.எஸ்.என்.எல். 4ஜி இன்றி வைக்கப்பட்டது. 2020 இல் விடப்பட்ட ஒப்பந்தப்புள்ளியும் அவ்வாண்டு ஜூலையில் இரத்து செய்யப்பட்டது. மறுபுறம், கேரளப் பள்ளிகளின் கணினிகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே இயங்குகின்றன. கொள்கை முடிவும் இயக்கத்தின் அழுத்தமும் கூடினால் மாற்று ஒன்றைக் கட்ட முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே நமது நிலை இது. மக்களோடு பேசும் குழுக்களைக் கலைக்க வேண்டாம். கமிட்டிகளின் உள் விவாதங்கள், உறுப்பினர் பட்டியல், போராட்டத் திட்டம், நன்கொடைக் கணக்கு ஆகியவற்றை வாட்ஸ்அப்பில் வைக்கும் பழக்கத்தை உடனே நிறுத்துங்கள். 2019 இல் வாட்ஸ்அப் வழியாகவே பெகாசஸ் உளவுநிரல் உலகெங்கும் சுமார் 1,400 பேரின் கைப்பேசிகளைக் குறிவைத்தது. அவர்களில் நம் நாட்டு மனித உரிமை வழக்கறிஞர்களும் இருந்தனர். சிக்னலுக்கு மாறக்கூடிய கமிட்டிகள் மாறலாம். நேரில் கூடக்கூடியவர்கள் நேரில் கூடுவது அதைவிட மேல்.

நமது கோரிக்கை அரசை நோக்கியது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று தீர்ப்பளித்தனர். 2021 தொடக்கத்தில் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கவில்லை. அப்போது கூட்டுக்குழுவின் முன்னிருந்த 2019 மசோதாவோ அரசு அமைப்புகளுக்குத் தாராளமாக விலக்களித்தது. புதிய விதிகளைத் திரும்பப் பெறுமாறு மத்திய அமைச்சகம் வாட்ஸ்அப்புக்கு எழுதியது, நல்லது. ஆதாரை எல்லாவற்றோடும் இணைக்கத் துடித்த அரசுக்குத் தரவின் மீது வந்த அந்தத் திடீர் அக்கறையைச் சட்டமாக எழுதித் தரச் சொன்னோம்.

கிளைச் செயலாளர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் எஸ்டேட்டில், உங்கள் ஊரில், எந்த லயத்தில் பி.எஸ்.என்.எல். சிக்னல் கிடைக்கிறது, எதில் கிடைப்பதில்லை, பிள்ளைகள் பாடம் கேட்க எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்பதைக் கணக்கெடுத்து எழுதுங்கள். கோபுரங்கள் கேட்டு மனுக் கொடுக்க அது தேவைப்படுகிறது. தாளில் எழுதித் தபாலில் அனுப்பினால் போதும்.