சுடும்போது சுட வேண்டும், விழும்போது சுடக் கூடாது

புது மிக்ஸி வாங்கும்முன் பக்கத்து வீட்டில் விசாரிக்காதவர்கள் குறைவு. ஜார் கசிகிறதா, மோட்டார் சூடாகிறதா, சர்வீஸுக்கு ஆள் வருகிறாரா என்று கேட்டுவிட்டுத்தான் கடைக்குப் போவார்கள். அமெரிக்காவில் இதே விசாரணை கைத்துப்பாக்கிக்கும் நடக்கிறது. க்ளாக் நல்லதா, சிக் சாவர் நல்லதா, பெரெட்டா எப்படி, ஸ்மித் அண்ட் வெஸன் பரவாயில்லையா? எத்தனை தோட்டா சுட்டீர்கள், எத்தனை முறை சிக்கியது? சொந்தமாகத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும்.

கேட்க விநோதமாக இருக்கும். ஆனால் காரணம் இருக்கிறது. 1972-ல் அமெரிக்காவில் நுகர்பொருள் பாதுகாப்புக்கென்று ஒரு ஆணையத்தைச் சட்டம் போட்டு உருவாக்கினார்கள். டோஸ்டரில் ஷாக் அடித்தால், குழந்தையின் தொட்டில் உடைந்தால், சந்தையிலிருந்து திரும்பப் பெறச் சொல்லி அந்த ஆணையம் கம்பெனியை நெருக்கலாம். பொம்மைத் துப்பாக்கியும் அதன் பிடிக்குள் வரும். நிஜத் துப்பாக்கி மட்டும் வராது. சட்டத்திலேயே அதற்கு விலக்கு. குறையுள்ள துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி கட்டளையிட அங்கே மத்திய அரசு அமைப்பு எதுவுமே கிடையாது. கம்பெனியாகப் பார்த்து மனம் வைத்தால்தான் உண்டு. ஆகவே வாங்கியவன் சொல்வதுதான் வாங்கப்போகிறவனுக்குக் காப்பு.

செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டல் என்றால் விசையை ஒருமுறை இழுத்தால் ஒரு தோட்டா. அடுத்த தோட்டாவைத் துப்பாக்கியே போட்டுக்கொள்ளும். வெடித்த வேகத்தில் மேலே உள்ள ஸ்லைடு பின்னால் ஓடுகிறது. போகிற போக்கில் காலி உறையை இழுத்து வெளியே எறிகிறது. ஸ்பிரிங் தள்ள முன்னால் திரும்பும்போது, கைப்பிடிக்குள் இருக்கும் மேகஸினிலிருந்து புதுத் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிறது. கண் சிமிட்டும் நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிடும். இதில் எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் துப்பாக்கி வெறும் இரும்புதான். காலி உறை முழுவதும் வெளியேறாமல் செங்குத்தாக மாட்டிக்கொண்டு நிற்பதற்கு 'ஸ்டவ் பைப்' என்று பெயர். அடுப்பின் புகைபோக்கி போலத் தெரிவதால் அப்படி.

இந்த நம்பகத்தன்மையை எண்ணிப் பார்க்கும் வழக்கம் நூறு வருஷத்துக்கும் பழையது. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் ஜான் பிரௌனிங் வடிவமைத்த கோல்ட் பிஸ்டலையும் சாவேஜ் கம்பெனியின் பிஸ்டலையும் போட்டிக்கு நிறுத்தியது. ஆளுக்கு 6,000 தோட்டா. நூறு சுட்டதும் ஆறவிடுவார்கள், ஆயிரம் சுட்டதும் துடைத்து எண்ணெய் போடுவார்கள். சாவேஜ் 37 முறை தகராறு செய்தது. கோல்ட் ஒருமுறைகூட நிற்கவில்லை. அதுதான் புகழ்பெற்ற எம்1911.

அடுத்த பெரிய திருப்பம் ஆஸ்திரியாவிலிருந்து வந்தது. 1980-ல் அந்த நாட்டு ராணுவம் பழைய பிஸ்டல்களை மாற்ற முடிவு செய்து நிபந்தனைப் பட்டியல் போட்டது. மொத்த பாகங்கள் 58-க்கு மேல் போகக் கூடாது. முதல் 10,000 தோட்டாவில் 20 முறைக்கு மேல் சிக்கக் கூடாது. இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து இரும்புத் தகட்டில் விழுந்தாலும் வெடிக்கக் கூடாது. போட்டியில் இறங்கியவர்களில் ஒருவர் காஸ்டன் க்ளாக். திரைச்சீலைக் கம்பியும் ராணுவத்துக்குக் கத்தியும் செய்துகொண்டிருந்தவர். அதுவரை ஒரு பிஸ்டல்கூடச் செய்ததில்லை. வெடித்துச் சிதறினாலும் வலது கை மிஞ்சட்டும், அப்போதுதான் மறுபடி வரைபடம் போட முடியும் என்று முதல் மாதிரிகளை இடது கையால் சுட்டுப் பார்த்தாராம். 58 பாகங்கள் வரை அனுமதி இருக்க, அவருடையதில் சுமார் 34-தான் இருந்தது. கெட்டுப்போகப் பொருள் குறைவாக இருந்தால் கெடுவதும் குறைவு. 1982-ல் ஆஸ்திரிய ராணுவம் அதையே தேர்ந்தெடுத்தது.

அடிப்பகுதி பிளாஸ்டிக் என்பதால் பழைய ஆசாமிகள் சிரித்தார்கள். விமான நிலைய எக்ஸ்ரேயில் தெரியாது என்று ஒரு புரளியும் கிளம்பியது. 1990-ல் வந்த 'டை ஹார்ட் 2' படம் அதற்குக் கொஞ்சம் எண்ணெய் ஊற்றியது. உண்மையில் ஸ்லைடும் குழலும் உருக்கு. எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும்.

பெரெட்டாவின் கதை வேறு மாதிரி. அமெரிக்க ராணுவம் எம்1911-க்கு மாற்றுத் தேடி 1984-ல் நடத்திய சோதனையில் கடைசிவரை தேறியவை இரண்டுதான்: இத்தாலியின் பெரெட்டா, சிக் சாவரின் பி226. துப்பாக்கி, மேகஸின், உதிரிபாகம் எல்லாம் சேர்த்த மொத்தக் கணக்கில் பெரெட்டா மலிவு. 1985 ஜனவரியில் அதற்கே ஆர்டர் போனது. இரண்டு வருஷம் கழித்து, மிக அதிகமாகச் சுட்டுப் பயிற்சி செய்யும் கடற்படை சீல் வீரர்களிடம் சில ஸ்லைடுகள் விரிசல் விட்டு உடைந்தன. உடைந்த பாதி பின்னால் பறந்து வந்து சிலர் முகத்தில் அடித்தது. தோட்டாவில் குறையா, உருக்கில் குறையா என்று பெரிய சண்டை. உடைந்தாலும் ஸ்லைடு முகத்துக்கு வராதபடி ஒரு பின்னின் தலையைப் பெரிதாக்கி வடிவத்தைத் திருத்தினார்கள். சீல்கள் காத்திருக்கவில்லை, பி226-க்குப் போய்விட்டார்கள். இன்றைக்கும் பெரெட்டா என்றதும் இந்தக் கதையை எடுத்து விடுகிறவர்கள் உண்டு. திருத்தம் வந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது என்பதை அவர்கள் சொல்வதில்லை.

அதே பெரெட்டா இராக் போரின்போது மணலில் சிக்குகிறது என்று கெட்ட பெயர் வாங்கியது. பார்த்தால் குற்றம் வேறு இடத்தில். வேறொரு ஒப்பந்தக்காரர் செய்து கொடுத்த மேகஸின்களின் பூச்சு சொரசொரப்பாக இருந்திருக்கிறது. நுண்மணல் அதில் ஒட்டிக்கொண்டு தோட்டாவை மேலே ஏற விடவில்லை.

இதுவரை பார்த்தது சுட வேண்டிய நேரத்தில் சுடாத துப்பாக்கி. வீட்டில் குழந்தைகள் இருப்பவர்களுக்கு அதைவிடப் பெரிய கவலை, சுடக் கூடாதபோது சுடும் துப்பாக்கி. 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சாவரின் பி320 மாடலைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆகஸ்டில் சிக்கல் வெளியே வந்தது. அது வழக்கமான விழும் சோதனைகளில் தேறிய பிஸ்டல்தான். ஆனால் அந்தச் சோதனைகளில் இல்லாத ஒரு கோணத்தில், ஸ்லைடின் பின்முனை தரையில் மோதும்படி விழுந்தால், சில வேளை வெடித்துவிடுகிறது. விசைப்பகுதியின் எடை கனமாக இருந்ததால், விழுந்த வேகத்தில் அது தானே பின்னுக்கு நகர்ந்திருக்கிறது. கம்பெனி இலவசமாக மாற்றித் தருவதாக அறிவித்தது. திரும்பப் பெறுகிறோம் என்று சொல்லவில்லை, 'விருப்பத்தின் பேரில் மேம்பாடு' என்றார்கள். அனுப்பினால் மாற்றுவார்கள், அனுப்பாவிட்டால் கேட்பாரில்லை. செகண்ட் ஹேண்டில் பி320 வாங்குபவர், மேம்பாடு செய்ததா என்று கேட்காமல் காசு கொடுக்கக் கூடாது. அதன் பிறகும், விசையைத் தொடாமலே வெடித்தது என்று வழக்குகள் வந்தன. கம்பெனி அதை மறுக்கிறது.

கலிஃபோர்னியா மாநிலம் 2001 முதல் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. மாடலுக்கு மூன்று துப்பாக்கி, ஒவ்வொன்றிலும் 600 தோட்டா. முதல் 20-ல் ஒரு தடங்கலும் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட்டில் போட்டும் பார்ப்பார்கள். அந்தப் பட்டியலில் இல்லாத மாடலைக் கடைக்காரர் பொதுமக்களுக்குப் புதிதாக விற்க முடியாது.

இப்படிப் பட்டியல் இல்லாத மாநிலங்களில் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதுதான். அவர் எவ்வளவு தெரிந்து சொல்கிறார் என்பதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் தோட்டாவுக்குச் சராசரியாக ஒரு முறை சிக்கும் பிஸ்டல் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வாங்கிய பத்துப் பேர் ஆளுக்கு 200 தோட்டா சுட்டால், எட்டுப் பேர் 'ஒருமுறைகூட சிக்கவில்லை, தங்கமான துப்பாக்கி' என்பார்கள். மீதி இருவர் 'தண்டம்' என்பார்கள். பத்துப் பேரும் பொய் சொல்லவில்லை. 200 தோட்டா என்பது எந்தத் தீர்ப்புக்கும் போதாது, அவ்வளவுதான்.

போதாக்குறைக்கு, சில சிறிய பிஸ்டல்களுக்கு முதல் 200 தோட்டா பழக்கத்துக்கு என்று கம்பெனிப் புத்தகத்திலேயே எழுதியிருக்கும். அதுவரை சிக்கினால் புகார் சொல்லாதே என்று அர்த்தம். காசு வாங்கிக்கொண்டு இப்படிச் சொல்வது நியாயம்தானா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

சுடுபவர் கையும் ஒரு காரணம். மணிக்கட்டைத் தளர்த்திப் பிடித்தால் துப்பாக்கி முழுவதுமாகப் பின்னால் போகிறது. ஸ்லைடு ஓட வேண்டிய தூரம் ஓடுவதில்லை, உறை மாட்டிக்கொள்கிறது. புதிதாகப் பழகும் ஒருவர் கையில் சிக்கும் பிஸ்டல், பயிற்சியாளர் கைக்குப் போனதும் ஒழுங்காகச் சுடும். கடைக்காரரிடம் சண்டைக்குப் போகும்முன் இதைச் சோதித்துவிடுவது மரியாதை.

அதற்கும் அடுத்தபடி சந்தேகப்பட வேண்டியது மேகஸினை. விவரம் தெரிந்தவர்கள் மேகஸின்களின் அடியில் பெயின்டால் 1, 2, 3 என்று எண் எழுதிவைத்துக்கொள்கிறார்கள். சிக்கும்போதெல்லாம் உள்ளே இருந்தது 2-ஆம் எண்தான் என்று தெரிந்தால், துப்பாக்கியை மாற்ற வேண்டாம். அந்த ஒரு மேகஸினைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறொன்று வாங்கினால் முடிந்தது.