அஞ்சல்வழிப் பட்டம் என்னும் இளக்காரம்

அஞ்சல்வழியிலோ இணையவழியிலோ பெற்ற பட்டம் கல்லூரிக்குப் போய்ப் படித்த பட்டத்துக்கு ஈடாகாது என்ற எண்ணம், பெண் பார்க்கும் வீடு முதல் வேலைக்கு ஆள் எடுக்கும் அறை வரை தமிழ்நாட்டில் வேரூன்றியிருக்கிறது. "ரெகுலரா, கரஸ்ஸா?" என்ற கேள்வியிலேயே தீர்ப்பும் அடங்கிவிடுகிறது. ஆசிரியரும் மாணவரும் ஒரே அறையில் இல்லாவிட்டால் கல்வி நீர்த்துப்போகும் என்பதே இதன் அடிப்படை. அந்த அடிப்படை தவறானது. தொலைநிலைக் கல்வி சீரழிந்த இடங்களிலெல்லாம், நிறுவனம் செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்டதே காரணமாக இருந்திருக்கிறது.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1969-இல் அரச சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் கற்பிக்கத் தொடங்கியது. சேர்வதற்கு முன்தகுதி எதையும் அது கேட்கவில்லை. பி.பி.சி. ஒளிபரப்புகள் அதற்குப் புகழ் தந்தன. தரத்தைத் தந்தவை வேறு. பாட வல்லுநர்கள், பதிப்பாசிரியர்கள், ஒளிபரப்புத் தயாரிப்பாளர்கள் அடங்கிய குழு ஒவ்வொரு பாடத்தையும் சேர்ந்து உருவாக்கியது. ஒருவர் எழுதிய வரைவை மற்றவர்கள் குறைகண்டு திருத்தினார்கள். கதவைச் சாத்திக்கொண்டு நடத்தும் விரிவுரைக்கு இப்படிப்பட்ட சோதனை கிடையாது. மாணவர் எழுதி அனுப்பிய ஒப்படைப்பை, அவருக்கென அமர்த்தப்பட்ட பயிற்றுநர் படித்து, மதிப்பெண்ணோடு விளக்கக் குறிப்பும் எழுதித் திருப்பி அனுப்பினார். அந்தத் திருத்தம் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கவும் ஏற்பாடு இருந்தது. நெரிசலான வகுப்பில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கு இவ்வளவு கவனம் கிடைப்பது அரிது.

இந்தியாவில் டெல்லிப் பல்கலைக்கழகம் 1962-இல் அஞ்சல்வழிக் கல்வியைத் தொடங்கியது. மதுரைப் பல்கலைக்கழகம் 1971-இலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979-இலும் அவ்வழியில் இறங்கின. காவலர், கடை ஊழியர், பள்ளிப் படிப்போடு மணமுடிக்கப்பட்ட பெண் எனப் பலர் பட்டம் பெற்றது இந்த வழியில்தான். ஆனால் பல இடங்களில் தொலைநிலைப் பிரிவு வளாகச் செலவுக்குப் பணம் ஈட்டித் தரும் துறையாக மாற்றப்பட்டது. பாடநூல் ஆண்டுக்கணக்கில் திருத்தப்படவில்லை. தொடர்பு வகுப்பு சில வார இறுதிகளாகச் சுருங்கியது. விடை எழுதிய ஒப்படைப்புகள் விலைக்குக் கிடைத்தன. அவற்றைத் திருத்தியவர்களும் படிக்காமலே மதிப்பெண் போட்டார்கள். வெளி மாநிலங்களில் படிப்பு மையங்கள் முகவர்கள் கைக்குப் போயின.

இதன் உச்சம் 2017 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில் வெளிப்பட்டது. 4 நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் உரிய அனுமதியின்றித் தொலைநிலையில் பொறியியல் பட்டங்களை வழங்கியிருந்தன. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நிறுத்திவைத்த நீதிமன்றம், தனித்தேர்வு எழுதித் தேறினால்தான் அவை செல்லும் என்றது. பிறகு சேர்ந்தோரின் பட்டங்கள் ரத்தாயின. அனுமதியில்லாத நிறுவனமும் கண்காணிக்கத் தவறிய அமைப்புகளும் செய்த குற்றத்துக்கு மாணவர்கள் தண்டனை அனுபவித்தார்கள். தொலைநிலைக் கல்வியே போலி என்பதற்கு இந்த வழக்கைச் சான்று காட்டுவது அவர்களுக்கு இழைக்கும் இரண்டாவது அநீதி.

இணையவழிப் படிப்பை எதிர்ப்போர் வேறொரு கணக்கைக் காட்டுவார்கள். ஹார்வர்டும் எம்.ஐ.டி.யும் 2012-இல் தொடங்கிய எட்எக்ஸ் தளத்தில் அவ்விரு நிறுவனங்கள் நடத்திய இலவசப் படிப்புகளில், 2017-18 ஆண்டில் பதிவுசெய்தோருள் முடித்தவர்கள் 100-க்குச் சுமார் 3 பேர். சொல்லப்படாத மறுபாதி, பணம் கட்டிச் சான்றிதழ்ப் பிரிவில் சேர்ந்தோருள் பாதிக்குச் சற்றுக் குறைவானவர்கள் முடித்தார்கள் என்பது. எட்டிப்பார்க்க வந்தவரையும் படிக்க வந்தவரையும் ஒன்றாகக் கூட்டினால் வரும் எண்ணிக்கை அந்த 3. காணொளியை ஏற்றிவிட்டு ஆசிரியர் விலகிக்கொள்வதைக் கல்வி என்று அழைக்கவும் கூடாது. அந்தக் குறைக்கு இணையத்தைப் பழிக்கவும் கூடாது.

அமெரிக்கக் கல்வித் துறை 2009-இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், இணையவழியில் கற்றோர் நேரடி வகுப்பில் கற்றோரைவிடச் சராசரியில் சற்று மேலாகவே இருந்தனர். அதற்கு ஊடகம் காரணமென்று கொள்ளக் கூடாது, கூடுதலான படிப்பு நேரமும் பாடப்பொருளும் காரணமாகலாம் என்று அந்தத் தொகுப்பே எச்சரித்தது. சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் அறிவித்த இணையவழித் தரவு அறிவியல் படிப்பும் அப்படிப்பட்ட உழைப்பைக் கேட்பது. பாடங்கள் இணையத்தில் நடக்கும். வாரந்தோறும் பயிற்சி உண்டு. தேர்வை மட்டும் மையத்துக்கு நேரில் வந்து எழுத வேண்டும்.

அங்கீகாரம் பெற்ற தொலைநிலை, இணையவழிப் பட்டங்கள் நேரடிப் பட்டங்களுக்கு இணையானவை என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்தது. ஆனால் அதன் 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, வளாகப் பல்கலைக்கழகம் ஒன்று தொலைநிலைப் படிப்பு நடத்த 'நாக்' என்னும் தேசியத் தர மதிப்பீட்டுக் குழுவின் மதிப்பீட்டில் 3.01 புள்ளியோ, தேசியத் தரவரிசையில் முதல் 100-க்குள் இடமோ பெற்றிருக்க வேண்டும். இந்த நுழைவுத் தகுதி பெரும்பாலும் வளாகத்தின் கட்டடத்தையும் ஆராய்ச்சியையும் ஆசிரியர் எண்ணிக்கையையும் சார்ந்தது. வளாகம் நன்றாக இருந்தால் அஞ்சலில் போகும் பாடமும் நன்றாக இருக்கும் என்ற பழைய நம்பிக்கையே இங்கு விதியாகியிருக்கிறது. சொந்தத் தர உறுதி மையம் வேண்டும் என்றும் அதே விதிகள் சொல்கின்றன. ஒரு நிறுவனம் தன்னைத் தானே சோதிப்பது போதாது. ஒப்படைப்பு எத்தனை நாளில் என்ன குறிப்போடு திரும்பியது, ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள், பாடநூல் கடைசியாக எந்த ஆண்டு திருத்தப்பட்டது, தேர்வறையில் யார் கண்காணித்தார்கள் என்பவற்றை வெளியாள் சோதித்து ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஆள் எடுப்பவர் பட்டத்தை எடைபோட விரும்பினால், அந்த விவரங்களைப் படித்துவிட்டு எடைபோடட்டும்.