பின்னிருக்கையிலும் ஒரு தலை உண்டு

"தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று" என்று தொலைபேசியில் சொன்னார் என் தாய். அவர் வேலூரில் வசிக்கிறார். நான் மனைவியோடும் பத்து வயது மகளோடும் புனே நகரின் கட்கிப் பகுதியில் வாழ்கிறேன். அருகிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த மகள், "பாட்டி ஏன் தலைப்பாகையைப் பற்றிப் பேசுகிறார்கள்?" என்று வினவினாள். பள்ளியில் அவளுக்கு இந்தி, மராத்தி, ஆங்கிலம், வீட்டில்தான் தமிழ். பழமொழிகள் அவ்வளவாக அவள் காதில் விழுவதில்லை. தலையை நோக்கி வந்த அடி தலைப்பாகையை மட்டும் தட்டிச் சென்றதுபோல, பெருந்துன்பம் ஒன்று சிறிய இழப்போடு நீங்கிவிட்டது என்பது இதன் பொருள் என்று விளக்கினேன். அவள் சற்று நேரம் எண்ணிப் பார்த்தாள். பிறகு, "அன்றைக்கு நான் பின்னால் உட்கார்ந்திருந்தால், அப்பா?" என்று கேட்டாள்.

அந்த வினாவுக்கு அப்போது என்னிடம் விடை இல்லை. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

விபத்து என்று சொல்லத்தக்க பெரிய நிகழ்ச்சி எதுவும் நடக்கவில்லை. ஜூன் மாதத்தின் முதல் மழை பெய்து ஓய்ந்த மாலை அது. கோடை முழுவதும் சாலையில் படிந்த எண்ணெயும் புழுதியும் முதல் மழைநீர் பட்டவுடன் வழுக்கும் குழம்பாகிவிடும். அடுத்தடுத்த மழைகளில்தான் அது கழுவப்படும். வேலை முடிந்து தாபோடியிலிருந்து வீடு திரும்பிக்கொண்டிருந்தேன். முளா ஆற்றின் மேலுள்ள ஹாரிஸ் பாலத்தைக் கடந்துவிட்டேன். வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர்கூட இல்லை. முன்னே சென்ற ஆட்டோ வேகத்தைக் குறைத்தது. நான் முன்சக்கர பிரேக்கைச் சற்று அழுத்திப் பிடித்தேன். சக்கரம் வழுக்கியது. மறுநொடி இடப்பக்கமாகச் சாலையில் கிடந்தேன். வண்டியின் வேகம் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் இராது. தவறு ஆட்டோக்காரருடையது அன்று; ஈரச்சாலையில் இடைவெளி விடாமல் சென்ற என்னுடையதுதான்.

இடத்தோளின் காறையெலும்பு முறிந்தது. உள்ளங்கைகள் இரண்டிலும் தோல் உரிந்தது. காலில் செருப்புதான் அணிந்திருந்தேன்; எனவே கணுக்காலும் பாதத்தின் ஓரமும் ஆழமாகச் சிராய்த்துக்கொண்டன. தலைக்கவசத்தின் இடப்புறம் சாலைத் தடுப்பின் விளிம்பில் மோதிப் பள்ளமாகியிருந்தது. தலையில் ஒரு கீறல்கூட இல்லை. காறையெலும்பை எந்த மேற்சட்டையும் காத்திருக்காது என்றார் மருத்துவர். ஆகவே, கவசம் அணிந்தால் எதுவும் நேராது என்று நான் சொல்லப்போவதில்லை. ஆயினும் கையுறை அணிந்திருந்தால் உள்ளங்கைகளும், காலணி அணிந்திருந்தால் கணுக்காலும் தப்பியிருக்கும்.

கைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கீழே விழும் எவரும் தம்மையறியாமல் கைகளைத்தான் முதலில் ஊன்றுவர். முறிந்த எலும்பின் வலியைவிட உரிந்த உள்ளங்கைகள் தந்த துன்பமே எனக்குப் பெரிதாயிருந்தது. சோற்றைப் பிசைய முடியாது. கரண்டியையும் பிடிக்க முடியாது. இரண்டு வாரங்கள் எனக்கு மனைவி உணவூட்டினாள். பள்ளிக்குச் செல்லுமுன் மகள் என் சட்டைப் பொத்தான்களைப் போட்டுவிட்டாள். ஆறு வாரங்கள் கையைத் தொட்டிலில் தொங்கவிட்டிருந்தேன். படுத்தால் வலிக்கும் என்பதால் நாற்காலியில் சாய்ந்தே உறங்கினேன். அதன்பின் இயன்முறை மருத்துவப் பயிற்சி தொடங்கியது. சுவரில் விரல்களை வைத்து, எறும்பு ஊர்வதுபோலக் கையை மெல்ல மேலே ஏற்ற வேண்டும். ஒவ்வொரு நாளும் நான் எட்டிய உயரத்தை மகள் பென்சிலால் குறித்து வைத்தாள். அவள் வளர்ந்த உயரங்களைக் குறித்திருந்த அதே சுவர்தான் அது. அவளுடைய ஐந்தாம் வயதுக் கோட்டை என் விரல்கள் தொட ஒன்பது நாள்கள் ஆயின.

வேலையின்றி வீட்டிலிருந்த அந்த நாள்களில் பழைய தலைக்கவசத்தைப் பிரித்துப் பார்த்தேன். வெளியே கடினமான ஓடு; அது மோதலின் விசையை ஓரிடத்தில் குவியவிடாமல் பரப்புகிறது. உள்ளே தடித்த நுரைப்பஞ்சு; தொலைக்காட்சிப் பெட்டியைப் பொதிந்து வரும் தெர்மாகோல் போன்றது. காப்பது பெரும்பாலும் இந்த எளிய பொருள்தான். மோதும்போது அது நசுங்குகிறது. நசுங்க எடுத்துக்கொள்ளும் அந்தச் சிறு பொழுதில் தலையின் வேகம் படிப்படியாகக் குறைகிறது. என் கவசத்தின் நுரை கட்டைவிரல் அகலத்துக்கு அமுங்கிக் கிடந்தது. அமுங்கிய நுரை மீண்டும் எழாது. ஆகவே பலமாக ஒருமுறை அடிபட்ட கவசத்தை, வெளியே நன்றாகத் தோன்றினாலும், மீண்டும் அணியக் கூடாது.

"பக்கத்துக் கடைக்குத்தானே, மெதுவாகத்தானே செல்கிறேன்" என்பவர்களுக்கு ஒரு கணக்கு. இருசக்கர வண்டியில் அமர்ந்திருப்பவரின் தலை ஏறக்குறைய ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருக்கும். வண்டி நின்றுகொண்டிருந்தாலும், அவ்வுயரத்திலிருந்து விழும் தலை ஏறக்குறைய மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் தரையை மோதும். வண்டி மெதுவாகச் செல்கிறது என்பதற்காகப் புவியீர்ப்பு விசை குறைந்துவிடுவதில்லை.

இந்த அறிவு புதியதன்று. 1935-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் டி. இ. லாரன்ஸ் என்ற புகழ்பெற்ற எழுத்தாளர் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். அவருக்கு மருத்துவம் பார்த்தவர்களுள் ஹ்யூ கெய்ர்ன்ஸ் என்னும் மூளை அறுவை மருத்துவரும் ஒருவர். பின்னர் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் தலைக்காயங்களை ஆராய்ந்து, தலைக்கவசத்தின் தேவையை வலியுறுத்தும் கட்டுரையை 1941-இல் வெளியிட்டார். ஆயினும் அந்நாட்டில் தலைக்கவசம் கட்டாயமானது 1973-இல்தான். இடையில் 32 ஆண்டுகள் கழிந்தன. பல நாடுகளின் 61 ஆய்வுகளைத் தொகுத்து 2008-இல் வெளியான காக்ரேன் ஆய்வறிக்கை, தலைக்கவசம் இறப்பு அபாயத்தை 42 விழுக்காடும் தலைக்காய அபாயத்தை 69 விழுக்காடும் குறைக்கிறது என்று கூறுகிறது.

என் மகளின் வினாவுக்கு வருகிறேன். விபத்துக்கு முன்பு ஒவ்வொரு நாளும் அவளை அதே வண்டியில் பள்ளிக்கு அழைத்துச் சென்றேன். என் தலையில் கவசம் இருந்தது. அவள் தலையில் பின்னலும் ரிப்பனும் இருந்தன. இதில் ஏதோ தவறு உள்ளது என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. காரணம் எளியது: காவலர் என்னைத்தான் நிறுத்துவார். நான் கவசம் அணிந்தது சாலைக்காக அன்று; அபராதத்துக்காக.

காலையில் எந்தப் பள்ளி வாயிலில் நின்றாலும் இக்காட்சியைக் காணலாம். தந்தை தலையில் கவசம். முன்னே பெட்ரோல் தொட்டியின்மேல் ஒரு குழந்தை. பின்னே ஒருபக்கமாக அமர்ந்த தாய். அவர் மடியில் மற்றொரு குழந்தை. மூவர் தலையிலும் ஒன்றுமில்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி, 2022-ஆம் ஆண்டில் தலைக்கவசம் அணியாமல் விபத்தில் இறந்தோர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் வண்டியை ஓட்டியவர்கள் அல்லர். பின்னால் அமர்ந்து சென்றவர்கள். பிரேக்கும் கைப்பிடியும் அவர்கள் கையில் இல்லை. வண்டி வழுக்கப்போவதை ஓட்டுபவர் அரை நொடியாவது முன்னதாக உணர்வார். பின்னால் இருப்பவருக்கு அந்த அரை நொடியும் கிடைப்பதில்லை.

சட்டம் இதில் தெளிவாகவே உள்ளது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி, நான்கு வயதுக்கு மேற்பட்டோர் இருசக்கர வண்டியை ஓட்டினாலும் அதில் அமர்ந்து சென்றாலும் தலைக்கவசம் அணிய வேண்டும். தலைப்பாகை அணிந்த சீக்கியர்களுக்கு விலக்கு உண்டு. ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கவசத்தோடு பாதுகாப்புப் பட்டையும் வேண்டும். அப்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று 2022-ஆம் ஆண்டின் விதிகள் கூறுகின்றன. ஆனால், இவற்றைப் படித்தா நாம் வண்டியில் ஏறுகிறோம்?

எங்கள் புனே நகரில் கட்டாயத் தலைக்கவசத்துக்கு எதிர்ப்பு மிகுதி. 2019 ஜனவரியில் காவல்துறை கண்டிப்புக் காட்டியபோது மக்கள் ஊர்வலமே நடத்தினர். கழுத்து வலிக்கிறது, ஒலி கேட்பதில்லை, வெயிலில் வேர்க்கிறது, முதலில் சாலைகளைச் செப்பனிடுங்கள் என்றெல்லாம் வாதங்கள் எழுந்தன. இறுதி வாதத்தை நான் முழுமனத்தோடு ஏற்கிறேன். குழிகளை மூடுவது மாநகராட்சியின் கடமை. அதை உரக்கவே கேட்க வேண்டும். குழி மூடப்படும்வரை தலையைத் திறந்து வைத்திருப்பேன் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. வேர்வையைப் பற்றி நான் மறுக்க மாட்டேன், வேர்க்கத்தான் செய்கிறது. என் மனைவியின் குறை வேறு. மல்லிகைச் சரம் சூடிய தலையில் கவசம் அணிந்தால் பூவெல்லாம் நசுங்கிவிடும் என்பாள். கோயிலை அடைந்தபின் பூச்சூடிக்கொள்ளலாம் என்று இப்போது உடன்பாடு ஏற்பட்டுள்ளது.

மாணவர்களே, நீங்கள் இன்னும் வண்டி ஓட்டும் வயதினர் அல்லர்; பின்னால் அமரும் வயதினர். பெரியவர்களை எதிர்த்துப் பேசலாகாது என்றே நம் வீடுகளில் கற்பிக்கிறோம். ஆயினும், "என் கவசம் எங்கே, அப்பா?" என்று கேட்பது எதிர்ப்பேச்சு அன்று என்பது என் உறுதியான கருத்து. கேட்டும் கிடைக்கவில்லையென்றால், வண்டியில் ஏற மறுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. பெரியவர்களுக்குரிய கவசத்தை வாங்கிச் சிறுவர் தலையில் கவிழ்ப்பதில் பயனில்லை. விழும்போது அது தலையைவிட்டு முதலில் பறந்துவிடும். அளவு சரியாக இருந்தால், தலையை அசைக்கும்போது கவசம் தனியே ஆடாது. தாடைப்பட்டையை மாட்டிய பின் அதற்கும் தாடைக்கும் இடையே ஒன்றிரண்டு விரல்களே நுழைய வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள். 2021 ஜூன் முதல் அம்முத்திரை இல்லாத கவசங்களை விற்பதே குற்றம்.

என் வண்டி இன்னும் பணிமனையிலிருந்து வரவில்லை. மகளின் கவசம் வந்துவிட்டது. கடையில் நான்கு கவசங்களை அணிந்து தலையை ஆட்டிப் பார்த்து, ஐந்தாவதாக நீல நிறக் கவசத்தை அவளே தேர்ந்தெடுத்தாள். பழகிக்கொள்ள வேண்டும் என்று மாலை வேளைகளில் அதை அணிந்தபடியே வீட்டுப்பாடம் எழுதுகிறாள். நேற்று வேலூரிலிருந்து பாட்டி அழைத்தபோதும் அதைக் கழற்றவில்லை. "சத்தமாகப் பேசுங்கள் பாட்டி, தலைப்பாகை கட்டியிருக்கிறேன்" என்றாள்.