காதோடு பேசும் லேகிய வியாபாரி!

பஸ் ஸ்டாண்ட் ஓரம். தரையில் ஒரு பழைய விரிப்பு. நாலைந்து பாட்டில்கள், மூடி வைத்த பாம்புக்கூடை, கயிற்றில் கட்டின கீரி. 'இதோ விடறேன், அதோ விடறேன்' என்று சொல்லிச் சொல்லியே, கடைசிவரை கீரியையும் பாம்பையும் சண்டைக்கு விடாமல், லேகியத்தை மட்டும் விற்றுவிட்டுப் போவாரே ஓர் ஆசாமி... ஞாபகம் இருக்கிறதா? நாற்பது வயதைத் தாண்டியவர் என்றால் கட்டாயம் இருக்கும்.

அந்த ஆள் யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. ஆனால், அவரிடம் ஒரு சௌகரியம் இருந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்துவார். சுற்றிலும் ஐம்பது பேர் நிற்பார்கள். 'மூலம், மூட்டுவலி, மூச்சிரைப்பு... எல்லாத்துக்கும் ஒரே உருண்டை' என்றதும் கூட்டத்தில் ஒருவராவது சிரித்துவிடுவார். 'போன தடவை வாங்கினேன், ஒண்ணும் கேக்கலையே' என்று இன்னொருவர் குரல் கொடுப்பார். நீங்கள் பர்ஸை எடுப்பதற்குள் தெரிந்தவர் யாராவது தோளில் கை போட்டு, 'வாங்க சார், போகலாம்' என்று இழுத்துக்கொண்டு போய்விடுவார்.

இன்றைய லேகிய வியாபாரி கத்துவதில்லை. செல்போனுக்குள் உட்கார்ந்துகொண்டு, ராத்திரி பதினோரு மணிக்கு, தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருக்கும் ஒருவரின் காதோடு பேசுகிறார். பக்கத்தில் சிரிக்க ஆள் இல்லை. தோளில் கை போட ஆள் இல்லை. ஆபத்தே அதில்தான் இருக்கிறது என்பது என் கட்சி.

எங்கள் குடியிருப்பில் கீழ்வீட்டு மாமாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். வயது 68. ரிடையர் ஆகும்வரை கணக்குப் பிரிவில் அதிகாரி. கீரைக்கட்டுக்கே பத்து நிமிஷம் பேரம் பேசுகிற மனிதர். பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. மாத்திரையும் நடையுமாக ஓரளவு கட்டுப்பாட்டில்தான் இருந்தது. ஒரு நாள் மாமி மாடியேறி வந்து, 'மாத்திரை அட்டை பிரிக்காம அப்படியே இருக்கும்மா. கேட்டா எரிஞ்சு விழறார்' என்றார். அலமாரியில் துணிக்குப் பின்னால் மூன்று டப்பா சூரணம். டப்பா ஒன்று 2,990 ரூபாய். 'தொண்ணூறு நாளில் சர்க்கரைக்கு விடுதலை. அதுவரை இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட வேண்டும்' என்பது நிபந்தனை. அதற்குள் காலில் செருப்பு கடித்த சின்னப் புண் ஒன்று பெரிதாகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனபோது சர்க்கரை 460. இரண்டு வாரம் படுத்திருந்தார். ஒரு விரலை எடுக்கும்படி ஆகிவிட்டது.

வெளியூரிலிருந்து ஓடிவந்த மகன், 'ஏம்ப்பா, இவ்வளவு படிச்சவர்... இதையெல்லாமா நம்புவீங்க?' என்று சத்தம் போட்டான். மாமா சொன்ன பதில் என்னைத் தூக்கிவாரிப் போட்டது. 'நான் ஒண்ணும் தேடிப் போகலைடா. அதுவா வந்துது. தினம் வந்துது. ஏன், உனக்கு வரலையா?'

மகனுக்கு அது ஒரு தடவைகூட வந்ததில்லை.

விஷயம் புரிகிறதா? சுவரில் ஒட்டிய போஸ்டரை அப்பாவும் பார்ப்பார், பிள்ளையும் பார்ப்பான், தெருவில் போகிற போலீஸ்காரரும் பார்ப்பார். செல்போன் விளம்பரம் அப்படியில்லை. எந்த வயதுக்காரருக்கு, எந்த ஊர்க்காரருக்குக் காட்ட வேண்டும் என்று காசு கொடுப்பவர் தேர்ந்தெடுக்கலாம். 'கால் எரிச்சல் ஏன் வருகிறது' என்று ஒரு வீடியோவை நீங்கள் நின்று பார்த்தால் போதும். 'இவருக்கு இதில் அக்கறை உண்டு' என்று இயந்திரம் குறித்துக்கொள்கிறது. அப்புறம் அதே மாதிரி பத்து வரும். உங்கள் வலி உங்கள் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும் முன் விளம்பரக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது!

நம்பரைக் கொடுத்துவிட்டாலோ, அடுத்த அரைமணியில் 'ஆலோசகர்' பேசுவார். 'சாப்டீங்களாப்பா? ராத்திரி எத்தனை தடவை எழுந்துக்கறீங்க?' என்று பெற்ற பிள்ளை மாதிரி விசாரிப்பார். நம் டாக்டரிடம் இரண்டு மணி நேரம் காத்திருந்து மூன்று நிமிஷம் பேசிவிட்டு வருகிறோம். இங்கே இருபது நிமிஷம் பொறுமையாகக் கேட்கிறார்கள். மாமா விழுந்தது சூரணத்தில் அல்ல, அந்த இருபது நிமிஷத்தில்தான். உடம்பு மோசமானால் அதற்கும் பதில் தயார்: 'கழிவு வெளியேறுதுப்பா, பயப்படாதீங்க. நிறுத்திடாதீங்க!'

'இயற்கை மூலிகைதானே, கெடுதல் செய்யாது' என்று நினைக்கிறீர்களா? இன்டர்நெட்டில் விற்கப்பட்ட 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளை வாங்கிப் பரிசோதித்து, 2008-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் முடிவை வெளியிட்டார்கள். சுமார் ஐந்தில் ஒன்றில் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தது. மூட்டுவலிப் பொடிகளில் சொல்லாமல் ஸ்டீராய்டு கலப்பது பழைய தந்திரம். இரண்டே நாளில் வலி பறந்துவிடும். 'ஆஹா, மூலிகையின் மகிமை!' என்று நாமே நாலு பேருக்குச் சிபாரிசு செய்வோம். உள்ளே சர்க்கரை ஏறும், எலும்பு தேயும். திடீரென்று நிறுத்தினால், தானாக அந்தச் சுரப்பைத் தயாரிக்க மறந்துபோன உடம்பு, ரத்த அழுத்தம் இறங்கிச் சுருண்டு விழும். ஆகவே, 'ரெண்டே நாள்ல குணம் தெரிஞ்சுது' என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள்.

பூசுகிற சமாசாரம் மட்டும் தேவலையா? முகம் வெளுக்க என்று விற்கும் சில கிரீம்களில் பாதரசம் இருக்கிறது. நிறமி உண்டாவதை அது தடுக்கும். தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். கேரளத்தில் கோட்டக்கல் மருத்துவர்கள், 2021 ஜூலையிலிருந்து 2023 செப்டம்பர் வரை தங்களிடம் வந்த, சிறுநீரில் புரதம் கசியும் ஒருவகை நோயாளிகள் 22 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களில் 13 பேர் சிவப்பழகு கிரீம் பூசிவந்தவர்கள்! கல்யாணத்துக்கு நாலு மாசம் இருக்கும்போது மகள் ரகசியமாக வாங்கி வைத்திருக்கும் டப்பாவை ஒரு தடவை கேட்டு வாங்கிப் பாருங்கள்.

'எது நல்லது, எது போலி என்று நாங்கள் என்ன லேபரட்டரியா வைத்திருக்கிறோம்?' என்று நீங்கள் கேட்கலாம். லேபரட்டரியே வேண்டாம். இதோ ஒரு சுலபமான சோதனை.

1954-லேயே நம் நாட்டில் ஒரு சட்டம் போட்டுவிட்டார்கள். மருந்துகள் மற்றும் மாய நிவாரணிகள் சட்டம் என்று பெயர். நீரிழிவு, புற்றுநோய், உயர் ரத்த அழுத்தம், இதய நோய், பக்கவாதம், கண்புரை, சிறுநீரகக் கல், உடல் பருமன், உயரமாக வளர்வது என்று 54 இனங்கள் அதன் பட்டியலில் இருக்கின்றன. இவற்றைக் குணப்படுத்துவதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதே குற்றம். டப்பாவுக்குள் இருப்பது அமிர்தமா, அரிசிமாவா என்ற கேள்விக்கே இடமில்லை. முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை, மறுபடி செய்தால் ஒரு வருஷம் வரை.

அதாவது, 'சர்க்கரையை வேரோடு ஒழிக்கும்' என்று ஒருவர் உங்கள் போனில் வந்து சொல்கிறார் என்றால், வாயைத் திறந்த நிமிஷமே சட்டத்தை மீறிவிட்டார். விளம்பரத்திலேயே சட்டத்தை மதிக்காதவர், டப்பாவுக்குள் மட்டும் தர்மத்தை அடைத்து அனுப்புவாரா? விளம்பரமே சாட்சி! இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

'சட்டம் இருந்து என்ன பிரயோஜனம், ஒருத்தரையும் பிடிக்கக் காணோமே' என்பீர்கள். ஊர் அறியச் செய்தால் பிடிக்க முடிகிறது. பெரிய கம்பெனியான பதஞ்சலியின் விளம்பரங்களை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் 2022-ல் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. 2024 ஏப்ரலில் அந்தக் கம்பெனி பத்திரிகைகளில் பகிரங்க மன்னிப்பு வெளியிட வேண்டி வந்தது. எல்லார் கண்ணிலும் பட்ட விளம்பரம், அதனால் கேள்வி கேட்க முடிந்தது. கீழ்வீட்டு மாமாவுக்கு மட்டும் ராத்திரியில் வந்த விளம்பரத்தை எந்த அதிகாரி பார்ப்பார்? பார்த்தது மாமா ஒருவர்தான். அவரோ வெட்கப்பட்டுக்கொண்டு டப்பாவைத் துணிக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்.

லேபிளிலும் ஒரு ஜாலம் உண்டு. 'கவர்மென்ட் நம்பர் போட்டிருக்கே' என்று காட்டுவார்கள். பதினான்கு இலக்க உணவுப் பாதுகாப்பு எண் இருந்தால், அது உணவுப் பொருளாகப் பதிவானது என்றுதான் அர்த்தம். மருந்து என்று அர்த்தமில்லை. உணவுப் பொருள் நோயைக் குணப்படுத்தும் என்று சொல்லிக்கொள்ள 2018 விதிகள் இடம் தருவதில்லை. கொஞ்சம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். முன்னால் கொட்டை எழுத்தில் 'சர்க்கரைக்குத் தீர்வு' என்றிருக்கும். பின்னால் பொடி எழுத்தில், 'மருந்தாகப் பயன்படுத்த அல்ல' என்று இங்கிலீஷில் அவர்களே ஒப்புக்கொண்டிருப்பார்கள்! சித்த, ஆயுர்வேத மருந்து என்றால் தயாரிப்பு லைசென்ஸ் எண் இருக்கும். அதுவும் தயாரிப்பதற்குக் கொடுத்த அனுமதிதான், தொண்ணூறு நாளில் தீரும் என்பதற்கு அரசாங்கம் எழுதிக்கொடுத்த கியாரண்டி அல்ல.

டாக்டரே வந்து சொல்கிறாரே என்கிறீர்களா? அதுவும் இப்போது செல்லாது. பிரிட்டனில் தொலைக்காட்சி மூலம் பிரபலமான டாக்டர் ஹிலாரி ஜோன்ஸின் முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் உண்டாக்கி, ரத்த அழுத்த மருந்து விற்றதை 2024-ல் அந்த நாட்டு மருத்துவ இதழே அம்பலப்படுத்தியது. முகத்தைப் பார்த்து நம்பிய காலம் போச்சு.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். சித்த வைத்தியத்தையோ ஆயுர்வேதத்தையோ நான் குறை சொல்லவில்லை. நாடி பிடித்து, நாக்கைப் பார்த்து, நீங்கள் சாப்பிடும் மற்ற மருந்துகளைக் கேட்டுக்கொண்டு மருந்து கொடுக்கிற பதிவுபெற்ற வைத்தியர்கள் இருக்கிறார்கள். தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. நம் வைத்தியத்தில் நம்பிக்கை உள்ளவர்கள் தாராளமாக அங்கே போகலாம். முகம் தெரியாத ஒருவர், உங்கள் ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்காமல், 'மாத்திரையை நிறுத்து' என்று போனில் சொல்வது எந்த வைத்தியத்திலும் சேர்த்தியில்லை.

சரி, வீட்டில் நாம் என்ன செய்யலாம்?

முதல் காரியம், திட்டக் கூடாது. திட்டினால் அடுத்த டப்பா இன்னும் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும். 'யார் சொன்னாலும் சரி, நம்ம டாக்டரைக் கேக்காம மாத்திரையை நிறுத்த வேண்டாம்' என்ற ஒரே ஒரு விதியை மட்டும் குடும்பம் முழுக்க ஒப்புக்கொள்ளட்டும். இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் விஷயத்தில், முக்கியமாகக் குழந்தைகள் விஷயத்தில், ஓரிரு நாள் நிறுத்துவதே உயிருக்கு உலை வைத்துவிடும். ஏற்கெனவே வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த டப்பாவையே எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். வெட்கப்பட அவசியமில்லை. என்ன சாப்பிட்டோம் என்று தெரிந்தால்தான் அவர் வைத்தியம் செய்ய முடியும்.

இரண்டாவது, விளம்பரத்தைத் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். போனில் அப்படியே படம் பிடித்து வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குச் சொல்லுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் போட முடியும். சிபாரிசு செய்து நடிக்கும் பிரபலங்களுக்கும் பொறுப்பு உண்டு. உங்களுக்கு மட்டும் வந்த விளம்பரத்துக்கு நீங்கள் மட்டும்தான் சாட்சி.

மூன்றாவதுதான் ரொம்ப முக்கியம். அதற்குக் காலணாச் செலவு கிடையாது. இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு முடித்ததும், அப்பா பக்கத்தில் போய் உட்காருங்கள். 'உங்க போன்ல என்னப்பா வருது? காட்டுங்க, நானும் பாக்கறேன்' என்று கேளுங்கள். அப்படியே, 'கால் எரிச்சல் எப்படி இருக்கு? ராத்திரி தூங்கறீங்களா?' என்றும் விசாரியுங்கள். இருபது நிமிஷம் பொறுமையாகக் கேளுங்கள்.

பஸ் ஸ்டாண்டில் சிரிப்பதற்கும், கை போட்டு இழுத்துக்கொண்டு போவதற்கும் ஒரு கூட்டம் நின்றதே... வீட்டுக்குள் அந்தக் கூட்டம் நாம்தான்.