பூட்டியவரே பொறுப்பு!

உயிரைக் குடிக்காத ஆயுதமாம், டேசர் என்னும் மின்துப்பாக்கி! 2007 அக்டோபர் 14. கனடாவின் வான்கூவர் விமான நிலையம். போலந்திலிருந்து வந்த இராபர்ட் ஜெகான்ஸ்கி, ஆங்கிலம் அறியாதவர், மணிக்கணக்கில் காத்துக் கலங்கி நின்றார். போலீசார் ஐந்து முறை மின்துப்பாக்கியை இயக்கினர். அங்கேயே மாண்டார்! அது நியாயமற்ற செயல் என்று 2010-இல் விசாரணைக் கமிஷன் கூறிற்று.

சுட்டதோடு கடமை முடிந்ததா? தசை இறுகிச் சாய்பவனின் மண்டை உடையலாம். கண்ணில், கழுத்தில் தைத்த முள்ளை மருத்துவரே அகற்ற வேண்டும். நெஞ்சு வலித்தால் இதயத்தைச் சோதிக்க வேண்டும். குப்புற அழுத்தினால் மூச்சு முட்டும். ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். சட்டம் இவற்றைக் கட்டாயமாக்கட்டும்! விலங்கு பூட்டப்பட்டவன் தானே மருத்துவரைத் தேடி நடப்பானா, தோழர்களே? பூட்டியவரே பொறுப்பு!