வரிவிலக்குச் சேமிப்பும் வங்கிகளின் தாமதமும்

பிரித்தானியாவில் 1999 ஏப்ரலில் அறிமுகமான 'ஐசா' சேமிப்புக் கணக்கு, அங்கு குடியேறிய நம்மவர்களுக்கும் பழக்கமானதே. அதில் சேரும் வட்டிக்கு வரி கிடையாது. ஆனால், முதலாண்டில் கவர்ச்சியான வட்டியைக் காட்டும் வங்கிகள் பல, பின்னர் அதனைச் சந்தடியின்றிக் குறைத்துவிடுகின்றன. வேறு வங்கியை நாடுவோர் பணத்தைத் தாமே மீளப்பெற்றுக் கொண்டுசென்றால் அதற்குரிய வரிச்சலுகை பொதுவாக அற்றுப்போகும். எனவே புதிய வங்கியிடம் விண்ணப்பித்துவிட்டு, பழைய வங்கி பணத்தை விடுவிக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

2010 மார்ச்சில் கன்சியூமர் போகஸ் அமைப்பு முறைப்பாடு செய்ததையடுத்து, 23 வேலை நாட்களாக இருந்த கால எல்லையை 15 ஆகக் குறைக்க வங்கிகள் இணங்கின. இன்றும் அதுவே எல்லை. 10,000 பவுண் வைத்திருக்கும் ஒருவர் 1 வீத வட்டியிலிருந்து 4 வீதத்துக்கு மாறுவதாயின், அந்த மூன்று வாரங்களில் சுமார் 17 பவுணை இழக்கிறார். தனியொருவருக்கு இது சிறுதொகையே. தாமதிக்கும் வங்கிக்கோ, பலரது பணம் மலிவு வட்டியில் மேலும் சில நாட்கள் கையிருப்பில் கிடக்கும். சாதாரணக் கணக்குகளுக்கிடையே பணம் சில நிமிடங்களில் சென்றடையும் நாட்டில் இத்தனை நாட்கள் எதற்கு? விண்ணப்பித்த நாளிலிருந்தே புதிய வீதத்தில் வட்டி கணிக்கப்பட வேண்டும். அந்த வித்தியாசத்தைத் தாமதிக்கும் வங்கியே செலுத்த வேண்டும்.