நிலம் வளர்க்கும் நீர்ப்பூச்சிகள்

நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்றார் தொல்காப்பியர். உணவு, விலங்கு, மரம், பறவை முதலியன அவற்றைச் சார்ந்து அமையும் கருப்பொருள் என்றார். மரபியலில் நண்டையும் தும்பியையும் நாலறிவுயிர்களாக ஒருங்கு வைத்தெண்ணினார். குறிஞ்சியின் யானையையும் நெய்தலின் சுறாவையும் வகுப்பறையில் விரித்துரைக்கும் நாம், நீரில் வாழும் சிறு பூச்சிகளுக்கும் இவ்விலக்கணம் பொருந்துமா என்று கேட்பதில்லை. பொருந்தும் என்பதும், அதனை மறந்தால் ஏரிகளைக் காக்கும் முயற்சியே பிழைபடும் என்பதும் எம் கருத்து.

முதலில் சுண்ணாம்புக்கல் நிலத்தைக் காண்போம். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அது கல்லின் வெடிப்புகளில் இறங்கி, நெடுங்காலமாகக் கல்லைக் கரைத்துக் குகைகளையும் நிலத்தடி ஓடைகளையும் ஆக்குகிறது. மேலே ஓடும் ஆறு ஓரிடத்தில் மண்ணுள் மறையும். வேறோரிடத்தில் ஊற்றாய் வெளிப்படும். இத்தகைய நிலத்தை அறிவியலார் கார்ஸ்ட் என்பர். அங்கே ஊற்றுநீரின் வெப்பநிலை ஆண்டு முழுதும் பெரிதும் மாறுவதில்லை. நிலத்தடி நீரும் பாறையால் பிரிவுற்றுத் தனித்தனித் தீவுகள்போல் நிற்பதுண்டு.

அவ்வாறு பிரிந்த நீரில் உயிர்களும் பிரிந்து வளர்கின்றன. மேற்கு ஆஸ்திரேலியாவின் யில்கர்ன் பகுதியில் நிலத்தடிச் சுண்ணாம்புப் படிவுகளுள் நூறளவு நீர்வண்டினங்கள் கண்டறியப்பட்டுள்ளன. மேல்நிலம் வறண்டபோது கீழிறங்கிய வண்டுகள், இருளில் கண்ணிழந்து, படிவுதோறும் வெவ்வேறு இனங்களாயின. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோணியோ மாநகருக்கு நீர் தரும் எட்வர்ட்ஸ் சுண்ணாம்புப் பாறையின் ஊற்றுகளிலும் சிறு வண்டினங்கள் உள்ளன. அவற்றுள் இரண்டு 1997ஆம் ஆண்டு அழிவை எதிர்நோக்கும் உயிர்களாக அந்நாட்டு அரசால் அறிவிக்கப்பட்டன. மாநகரின் தாகமும் வண்டின் வாழ்வும் ஒரே நீரைச் சார்ந்தவை என்பதை அந்நாடு சட்டத்தால் ஏற்றுக்கொண்டது.

இனி, நம் கும்மிடிப்பூண்டிக்கு வருவோம். இங்குச் சுண்ணாம்புக் குகைகள் இல்லை. ஆரணியாறு பழவேற்காட்டை நோக்கிச் செல்லும் கடலோரச் சமவெளி இது. வடகிழக்குப் பருவமழையில் நிரம்பிக் கோடையில் வற்றும் ஏரிகளே இதன் நீர்நிலைகள். அங்கே பூச்சியினங்களை வளர்ப்பது தனிமை. இங்கே வளர்ப்பவை தொடர்பும் பருவமும். மழைக்காலத்தில் கூட்டமாய்ப் பறக்கும் தட்டான்களுள் ஒன்று, தேங்கிய மழைநீரில் முட்டையிட்டு, ஏறத்தாழ இரண்டு மாதத்திற்குள் வளர்ந்து பறந்துவிடும். அவ்வினம் இந்தியாவிலிருந்து கடல் கடந்து ஆப்பிரிக்கா செல்கிறது என மாலத்தீவில் ஆராய்ந்த சார்லஸ் ஆண்டர்சன் 2009இல் எழுதினார். நீர்வண்டுகளோ, ஓர் ஏரி வற்றினால் வேறு நீர் நாடிப் பறந்து, மழை வந்ததும் மீள்கின்றன. நம் குளங்களில் வாழும் நீர்மூட்டைப் பூச்சியினம் ஒன்றில், பெண் தன் முட்டைகளை ஆணின் முதுகில் ஒட்டிவிடும். பொரியும்வரை தந்தையே சுமக்கும்.

இவை யாவும் ஆழமற்ற ஓரநீரையும், கோரையும் ஆம்பலும் படர்ந்த சரிவையும் நம்பி வாழ்வன. ஏரிச் சீரமைப்பு என்றதும் நாம் என்ன செய்கின்றோம்? ஓரம் முழுதும் செங்குத்தாக வெட்டி, கரைக்குக் கற்காரை பூசி, நடைபாதை அமைத்து மகிழ்கின்றோம். நீர் நிற்கிறது, அதில் உயிர் நிற்பதற்கு இடமில்லை. கண்ணன்கோட்டை, தேர்வாய்க்கண்டிகை ஏரிகளை இணைத்து 2020இல் சென்னைக் குடிநீருக்கென நீர்த்தேக்கம் திறக்கப்பட்டது. மாநகரின் தேவை உண்மையானது, அதனை மறுப்பாரில்லை. ஆயினும் சுற்றியுள்ள சிற்றேரிகள் ஏரிகளாகவே நிலைத்தல் வேண்டும் என்னும் தேவையும் உண்மையானதே.

பூச்சிக்காக இவ்வளவு பரிவு எதற்கு என்பார் உளர். தும்பியின் இளம்புழு கொசுப்புழுவைத் தின்னும். கழிவு கலந்து உயிர்வளி குறைந்த நீரில் தும்பியினங்கள் அருகும். அந்நீரைத் தாங்கும் செந்நிறப் புழுக்களும் கொசுவும் பெருகும். ஆகவே, நீரின் நலத்தை உரைக்கும் சான்றாளர் இப்பூச்சிகளே. தொழிற்பேட்டை சூழ்ந்த ஊருக்கு இச்சான்று மிகவும் வேண்டற்பாலது.

ஆதலின் நாம் வேண்டுவன சில. தூர் வாருக, ஆனால் ஒரு பக்கமேனும் சரிந்த ஓரத்தை விட்டுவைக்க. வரத்துக்கால்வாயையும் கலங்கலையும் அடையாது காக்க. ஏரிக்கு ஏரி உள்ள தொடர்பே இங்கு உயிரின் வழி. ஆலைக்கழிவு அக்கால்வாய்களை அணுகாதிருக்க ஊர்ப் பெரியோர் விழிப்புடன் கேட்க. மாணவர்கள் தத்தம் ஊர் ஏரியின் பூச்சிகளுக்கு உழவரும் மீனவரும் வழங்கும் பெயர்களைத் தொகுக்க. விலங்கியல் துறை உயிரை எண்ணட்டும். தமிழ்த்துறை அதன் பெயரைக் காக்கட்டும். பெயர் மறைந்த உயிர் மறைவதை எவரும் உணர்வதில்லை. நிலத்தை முதற்பொருளாக வைத்த இலக்கணத்தைக் கற்றவர்க்கு இது கடமையேயன்றிக் கூடுதற்பணி அன்று.